மிடற்றுக்குள் நாலாயிரம் படங்கள்

தை பிறந்தால் மூன்று நாளைக்கு மதுரைச் சீமையில் மைக் ஓயாது. பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். வாடிவாசல் திறந்து காளை சீறிப் பாய்ந்ததும், அது எந்த ஊர்க் காளை, யார் வளர்த்தது, அடக்கினால் அண்டாவா, கட்டிலா, சைக்கிளா என்று மேடையிலிருந்து ஒருவர் மூச்சுவிடாமல் அறிவித்துக்கொண்டே இருப்பார். காலையில் கணீரென்று தொடங்கிய குரல் உச்சி வெயிலில் கம்ம ஆரம்பிக்கும். சாயங்காலம் மைக்கைக் கீழே வைக்கும்போது பாதிச் சொல் வெறும் காற்றாக வெளியேறும். தொண்டை கட்டிக்கொண்டது என்பார்கள். நாலு நாள் பேசாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றும் சொல்வார்கள்.

பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. ஆனால் அந்த ஒரு நாளில் தொண்டைக்குள் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்க்க மனிதருக்கு நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது.

குரலுக்கு மூச்சுக் காற்றுதான் முதல் என்பது தமிழுக்குப் பழைய செய்தி. கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாவதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் வரிசையாகச் சொல்கிறது. இவற்றில் நாவையும் இதழையும் யாரும் பார்த்துவிடலாம். மிடறு மட்டும் உள்ளே ஒளிந்திருக்கிறது. பார்க்கக் கிடைத்தாலும் அங்கே நடப்பது நம் கண்ணுக்கு அகப்படாத வேகத்தில் நடக்கிறது.

குரல்வளைக்குள் முன்பின்னாகக் கிடக்கும் இரண்டு சிறு சதை மடிப்புகளைக் குரல்நாண்கள் என்கிறோம். ஆணுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. மூச்சு விடும்போது இரண்டும் விலகி நிற்கும். பேச நினைத்ததும் ஒன்றையொன்று நெருங்கும். கீழே நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கும். திறந்ததும் தசையின் விறைப்பும் காற்றோட்டமும் சேர்ந்து மறுபடி மூடும். ஆணின் சாதாரணப் பேச்சில் இது நொடிக்கு நூறு முதல் நூற்று முப்பது முறை வரை நடக்கிறது. பெண்ணுக்கு இருநூறைத் தாண்டும். பாட்டென்றால் கணக்கு இன்னும் ஏறும்.

நம் ஊர் இசை நாடக மேடையையே எடுத்துக்கொள்ளலாம். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா என்றால் இரவு பத்து மணிக்கு மேல் வள்ளி திருமணமோ பவளக்கொடியோ அரிச்சந்திராவோ தொடங்கும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடுபிடிக்கும்போது நள்ளிரவு கடந்திருக்கும். விடியும்வரை பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். ஆர்மோனியக்காரர் ஐந்து கட்டை வைத்தார் என்று கொள்வோம். கீழ் ஷட்ஜத்தில் பாடகரின் குரல்நாண்கள் நொடிக்கு 196 முறை அடித்துக்கொள்ளும். மேல் ஷட்ஜத்தில் 392. மேல் பஞ்சமத்தைத் தொட்டு நின்றால் ஏறக்குறைய 588. பாடுகிறவர் அந்த ஸ்வரத்தில் நிற்கும் மூன்று நான்கு நொடிக்குள் இரண்டு சதை விளிம்புகள் இரண்டாயிரம் தடவை மோதி விலகியிருக்கும்.

சாதாரண வீடியோ கேமரா நொடிக்கு 25 அல்லது 30 படம்தான் எடுக்கும். நொடிக்கு இருநூறு முறை அசையும் ஒன்றை அதில் பிடித்தால் ஒரு படத்துக்குள் எட்டு அசைவுகள் கலந்து, மங்கலான விளிம்பு மட்டுமே மிஞ்சும். கைபேசியின் ஸ்லோமோஷன் வழக்கமாக 240. அதிலும் ஓர் அசைவுக்கு ஒரு படம்தான் தேறும். திறப்பதையும் மூடுவதையும் தனித்தனியாகப் பார்க்க ஓர் அசைவுக்கு இருபது படமாவது வேண்டும். நொடிக்கு நாலாயிரம் என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

குரல்வளையை உயிருள்ள மனிதரில் முறையாகப் பார்த்து எழுதிய முதல் ஆள் ஒரு பாட்டு வாத்தியார் என்பது பலருக்குத் தெரியாது. மானுவேல் கார்சியா என்ற ஸ்பெயின் நாட்டு இசை ஆசிரியர், 1854-இல் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் நீண்ட கைப்பிடிக் கண்ணாடி ஒன்றை வாய்க்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே திருப்பி, தன் தொண்டையைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. குரல்நாண்கள் நெருங்குவதையும் விலகுவதையும் அவர் கண்டார். ஆனால் அதிரும்போது அவை எப்படி அசைகின்றன என்பது அந்தக் கண்ணாடியில் தெரியவில்லை. கார்சியா நூறு வயதைக் கடந்து வாழ்ந்தவர், 1906-இல் இறந்தார்.

இதற்கிடையில், 1878-இல், ஜெர்மனியில் மாக்ஸ் ஜோசப் எர்ட்டல் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். குரலின் வேகத்துக்குக் கொஞ்சம் பிந்தினாற்போல விட்டுவிட்டு ஒளி பாய்ச்சினால், ஒவ்வோர் அசைவிலும் சற்றுத் தள்ளிய ஒரு நிலை மட்டும் கண்ணில் படும். அவற்றைக் கண் தானாகக் கோத்துக்கொள்ள, குரல்நாண்கள் மெதுவாக அசைவதுபோலத் தோன்றும். இன்றைக்கும் பெரிய மருத்துவமனைகளில் குரல் பரிசோதனைக்கு நம்பிக்கையான கருவி இந்த ஸ்ட்ரோபோஸ்கோப்தான். இதில் ஓர் இடைஞ்சல் உண்டு. குரல் ஒரே சீராக அதிர்ந்தால்தான் வித்தை பலிக்கும். கம்மிப்போன குரல் சீராக அதிராது. எந்தக் குரலைப் பார்த்தே ஆகவேண்டுமோ அந்தக் குரலிடம்தான் இந்தக் கருவி அடிக்கடி தோற்றுப்போகிறது. குரல் எழும் முதல் கணமும், உடையும் கணமும் இதில் அகப்படுவதில்லை.

உண்மையான வேகத்தில் படம் பிடித்துக் காட்டியது ஒரு தொலைபேசி நிறுவனம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 1930-களில் பேச்சொலியைக் கம்பி வழியே சிக்கனமாக அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தது. பேச்சை அனுப்ப வேண்டுமானால் பேச்சு எப்படி உண்டாகிறது என்று முதலில் தெரியவேண்டுமே. அங்கே டி. டபிள்யூ. ஃபார்ன்ஸ்வொர்த்தும் சகாக்களும் நொடிக்கு நாலாயிரம் சட்டம் ஓடும் ஃபிலிம் கேமராவைக் குரல்வளைக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்திப் படமெடுத்தார்கள். அந்தப் படத்தை நொடிக்கு 16 சட்டமாக ஓட்டினால் ஒரு நொடி 250 நொடியாக நீளும். குரல்நாண்கள் வெறுமனே கதவுபோல் திறந்து மூடவில்லை, கீழ் விளிம்பு முதலில் விலக மேல் விளிம்பு பின்தொடர்ந்து விலகுகிறது என்பது கண்முன் தெரிந்தது.

இந்தப் படங்களுக்கு ஒரு பெரிய சண்டையிலும் பங்கு உண்டு. 1950-இல் பிரான்சைச் சேர்ந்த ரவூல் உஸ்ஸோன், ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளையிலிருந்து தனித்தனி நரம்புக் கட்டளை வருகிறது என்று வாதாடினார். காற்றுக்கும் தசை நெகிழ்ச்சிக்கும் இடையில் நடப்பதுதான் குரல் என்பது எதிர்த்தரப்பு. அமெரிக்காவில் பால் மூரும் ஹான்ஸ் வான் லேடனும் அதிவேகப் படங்களைச் சட்டம் சட்டமாக அளந்தார்கள். 1958-இல் நெதர்லாந்தின் யான்வில்லம் வான் டென் பெர்க் காற்று, நெகிழ்ச்சி இரண்டையும் சேர்த்துக் கோட்பாட்டைத் தெளிவாக எழுதினார். உஸ்ஸோனின் கட்சி நிற்கவில்லை. மூளை குரல்நாண்களை நெருக்கிவைத்து விறைப்பை அமைத்துத் தருகிறது, அடிப்பது காற்று.

அதே சண்டைக்கு யானை கொடுத்த சாட்சியம் இன்னும் அருமையானது. காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன. பூனை முரலுவதுபோல அது தசைத்துடிப்பால் எழுகிறதா, மனிதர் போலக் காற்றால் எழுகிறதா என்ற கேள்வி இருந்தது. பெர்லின் விலங்குக் காட்சிசாலையில் இயற்கையாக இறந்த ஒரு யானையின் குரல்வளையை வியன்னா ஆய்வாளர்கள் எடுத்து, அதற்குள் காற்றைச் செலுத்தி, அதிவேகக் கேமராவில் பதிவு செய்தார்கள். உயிரும் நரம்பும் இல்லாத அந்தக் குரல்நாண்கள் காற்றுக்கே அசைந்து, நொடிக்கு இருபதுக்கும் குறைவான அதிர்வில் யானைக்கு உரிய ஒலியை எழுப்பின. கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்டும் கூட்டாளிகளும் இதை 2012-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அந்தப் பெரிய உடம்பும் நாமும் குரலுக்கு ஒரே வழியைத்தான் வைத்திருக்கிறோம்.

இன்றைய கருவியில் ஃபிலிம் இல்லை. நோயாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்கிறார். மருத்துவர் காஸ் துணியால் நாக்கின் நுனியைப் பிடித்து மெல்ல வெளியே இழுக்கிறார். பென்சிலைவிடக் கொஞ்சம் தடித்த, நுனியில் சாய்வாகப் பார்க்கும் உலோகக் குழாய் நாக்கின் மேலாக உள்ளே போகிறது. குமட்டலை அடக்கிக்கொண்டு ‘ஈ…’ என்று இழுக்கச் சொல்கிறார்கள். ஈ சொல்லும்போது நாக்கு முன்னே வந்து, குரல்வளை மூடி தூக்கிக்கொள்ளும். குரல்நாண்கள் முழுசாகத் தெரியும். படம் எடுக்கப் பலத்த வெளிச்சம் தேவைப்படுவதால் பதிவு இரண்டே நொடிதான். அந்த இரண்டு நொடியில் எட்டாயிரம் படம். நொடிக்கு 25 வீதம் திரையில் ஓட்டினால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்தவர் மறுபடி பொறுப்பில்லாமல் கத்தமாட்டார். வெள்ளையாகப் பளபளக்கும் இரண்டு விளிம்புகள் நடுக்கோட்டில் வந்து மோதுகின்றன. மோதிய இடத்திலிருந்து மேற்பரப்பில் ஓர் ஈர அலை எழுந்து பக்கவாட்டில் ஓடி மறைகிறது. குரல்நாணின் உள்ளே தசை இருக்கிறது. அதன்மேல் நெகிழ்ந்த அடுக்கும் அதற்கும் மேலே மெல்லிய சளிச்சவ்வும் இருக்கின்றன. தசை ஒருவிதமாகவும் மேலுறை வேறுவிதமாகவும் அசைவதை ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1974-இல் விளக்கினார். குரலின் செழுமை அந்த அலையில் இருக்கிறது. அலை எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு.

ஓயாமல் கத்துகிறவர்களுக்குக் குரல்நாண்களின் நடுவில், மோதல் பலமாக விழும் இடத்தில், இரு பக்கமும் சிறு தடிப்பு உண்டாகும். நாட்யூல் என்பார்கள் மருத்துவர்கள். அந்தத் தடிப்புகள் முதலில் முட்டிக்கொள்வதால் முன்னும் பின்னும் இடைவெளி விழுந்து, உடுக்கை வடிவில் காற்று கசியும். கேட்பவருக்கு அது கம்மல். சிலருக்குத் தொடுவதற்கு முன்பே ஒரு பக்கம் நின்றுபோகும். சிலருக்கு இடது நாண் ஒரு வேகத்திலும் வலது நாண் வேறு வேகத்திலும் அடிக்க, ஒரே தொண்டையிலிருந்து இரண்டு சுருதி கேட்கும். ஸ்ட்ரோபோஸ்கோப் குழம்பிப்போகும் இந்த இடத்தில் அதிவேகப் படம் தடுமாறுவதில்லை.

எட்டாயிரம் படத்தையும் உட்கார்ந்து பார்க்க எந்த மருத்துவருக்கு நேரம் இருக்கிறது? செக் நாட்டின் யான் ஷ்வெட்சும் நெதர்லாந்தின் ஹார்ம் ஸ்குட்டும் 1996-இல் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார்கள். குரல்நாண்களுக்குக் குறுக்கே ஒரே ஒரு கோட்டை மட்டும் நொடிக்கு ஏறத்தாழ எட்டாயிரம் முறை பதிந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார்கள். நல்ல குரலுக்குச் சாய்சதுரங்கள் ஒரே அளவில் வரிசையாக வரும். கெட்ட குரலில் அந்த வரிசை கோணும், சில சதுரம் மூடாமல் திறந்தே கிடக்கும். இப்போது கணினியே திறப்பின் ஓரத்தைக் கோடிட்டுக் கணக்கெடுக்கவும் பழகிவருகிறது.

குரல் உடைவதன் வலியோடு மதுரைக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. 1918-இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியை ஆரம்பித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அதில்தான் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். இதுபோன்ற பாய்ஸ் கம்பெனிகளில் எல்லா வேஷமும் பையன்கள்தான். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்தப் பையன் ஸ்திரீபார்ட்டிலிருந்தும் பாட்டிலிருந்தும் ஒதுங்க வேண்டியதுதான். சாப்பாடும் படுக்கையும் கம்பெனியை நம்பியிருந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அது சாதாரண இழப்பில்லை.

அந்த வயதில் குரல்வளை வேகமாக வளர்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அவற்றை இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்குப் புதிய அளவு பழகவில்லை. நெஞ்சுக் குரலில் நாண்கள் தடிமனாகி முழு ஆழத்துக்கும் மோதும். கள்ளக்குரலில் அவை மெலிந்து நீண்டு விளிம்பு மட்டும் அசையும், பலருக்கு முழுசாக மூடக்கூட மூடாது. மகரக்கட்டு வந்த பையன் ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி விழுகிறான். அந்தத் தாவல் சில அதிர்வுகளுக்குள் முடிந்துவிடும். நாலாயிரம் படத்தில் அது அப்படியே தெரியும். பையன் மீது குற்றமில்லை என்பதும் தெரியும்.

பாட்டின் கரகரப்பையும் இந்தக் கேமரா விளக்கியிருக்கிறது. ‘குவீன்’ இசைக்குழுவின் ஃப்ரெடி மெர்குரியின் குரல் எப்படி எழுந்தது என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர் 1991-லேயே இறந்துவிட்டதால், அவர் குரலில் பாடிக்காட்டிய ஒரு ராக் பாடகரின் தொண்டையை நொடிக்கு 4,132 படமாகப் பிடித்தார்கள். கரகரப்பு வரும்போது குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்நாண்களும் சேர்ந்து அதிர்ந்தன. பேச்சில் சும்மா இருக்கும் சதை அது. கிராமத்துச் சாமியாட்டத்திலும் கூத்து மேடையில் ராட்சச வேஷத்திலும் கேட்கும் உறுமலை எடுத்து இப்படிப் படம்பிடித்தால் என்ன தெரியும்? நம் பாடகர்களின் பிருகா, கமகம் எல்லாமே இந்தக் கேமராவுக்குக் காத்திருக்கும் பெரிய பொருள்கள். மிருதங்கத்தின் கரணை என்னும் கருப்புப் பூச்சில்தான் அதன் இனிய ஸ்வரங்களின் ரகசியம் இருக்கிறது என்று 1920-இலேயே உலகத்துக்கு எழுதியவர் சி. வி. ராமன். வயலின் தந்தியின் அசைவையும் அவர் படமெடுத்து ஆராய்ந்தார். அவர் பிறந்த மண்ணில் தொண்டைக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

கேமராவால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். மதுரையில் பிறந்த டி. எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்குப் பாடினால் எம்.ஜி.ஆர் பாடுவதுபோலவும், சிவாஜிக்குப் பாடினால் சிவாஜி பாடுவதுபோலவும் இருக்கும். தமிழ்நாட்டில் இதை அறியாதவர் இல்லை. அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு குரல்நாண்களுக்கு மேலே நடக்கிறது. தொண்டை, வாய், நாக்கு, மூக்கறை ஆகியவை வடிவம் மாறி, கீழிருந்து வரும் ஒலிக்கு நிறம் ஏற்றுகின்றன. குரல்நாண்களை மட்டும் பார்க்கும் கேமராவுக்கு அந்தக் கலையில் பாதிக்கு மேல் தெரியாது.

இந்தியாவில் இந்தத் துறைக்கு ஆள் தயாரிக்கும் முதன்மையான இடம் மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம். அதிவேகக் கருவி விலை அதிகம் என்பதால் உலகெங்கும் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறது. அதனால் நம் ஊர்க்காரருக்குப் பயனில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அது கண்டு சொன்னவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம்.

ஓர் ஆசிரியையின் குரல்நாண்கள் ஒரு நாளில் கூட்டிப் பார்த்து ஒரு மணி நேரம் அதிர்ந்தால், நொடிக்கு 220 என்ற கணக்கில், ஏழு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் மோதல். அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கத்திப் பேசினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும். தொண்டையைச் செருமிச் செருமிச் சரிசெய்வது இன்னும் மோசம்; நாண்கள் அப்போது முரட்டுத்தனமாக அறைந்துகொள்கின்றன. மிளகுப்பாலும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறும். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தால் உடம்பின் ஈரம் வழியாகத்தான் அதற்குப் பலன் போய்ச் சேரும். ஆவி பிடித்தால் மூச்சோடு போகும் ஈரம் நேரே அங்கே எட்டும். மற்றபடி நல்ல மருந்து, பேசாமல் இருப்பது. மேடைக்காரரும் சந்தையில் ஏலம் கூவுபவரும் பஸ் கண்டக்டரும் வேலைக்கு நடுவே கொஞ்சம் நேரமாவது வாயைமூடி இருப்பது சோம்பல் ஆகாது.

நாலு நாளில் சரியாகும் தொண்டைக்கட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூன்று வாரம் கடந்தும் குரல் கம்மியே இருந்தால், வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது; குரல்நாணில் வரும் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இந்தக் கம்மல்தான், தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், எச்சிலில் ரத்தம் இருந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. அதிவேகக் கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ உங்கள் ஊருக்கு அருகிலோ உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், ‘என் குரல்நாணைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள்.